எழுத்துருவை இறக்கிக்கொண்டு உள்ளே வரவும்

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ் வலைத்தளங்கள் பலவற்றின் வாசலில் ஓர் அறிவிப்பு தொங்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில், 800க்கு 600 திரையில் பார்க்கவும். எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ளவும். அதைச் செய்யாமல் உள்ளே போனவருக்குத் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள்தான் வரிவரியாகத் தெரியும்.

ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் அவை. ஒரு தளத்தின் எழுத்துரு அடுத்த தளத்துக்கு உதவாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு டாம், டாப் என்ற குறியீடுகளை முன்வைத்தது. திஸ்கி என்ற குறியீடு இன்னொரு பக்கம் வளர்ந்தது. தானாக இறங்கும் எழுத்துரு வந்த பிறகும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு வேறு கோப்பு என்று இரட்டை வேலை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமே தன் மின்னூல்களைத் திஸ்கியிலிருந்து, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்க வடிவமைப்பாளர் ஈதன் மார்காட் திரை அளவுகளைப் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டிருந்தார். போனுக்கு ஒரு தளம், கணினிக்கு ஒரு தளம் என்று தனித்தனியாகக் கட்ட வேண்டாம். அகலங்களை விகிதத்தில் சொல்லுங்கள், படங்கள் இடத்துக்கேற்பச் சுருங்கட்டும், திரையின் அளவைக் கேட்டு அமைப்பு மாறட்டும் என்றார் அவர். எழுத்துச் சிக்கலும் திரைச் சிக்கலும் ஒரே கோடையில் வழிக்கு வந்தன என்று சொல்லலாம்.

ஆனாலும் தமிழ்த் தளங்கள் போனில் இன்னும் சறுக்குகின்றன. சென்னை காலடிப்பேட்டையில் ஒரு போட்டோகிராபர் தன் படங்களுக்காகத் தளம் அமைக்கிறார் என்று வையுங்கள். அதைப் பார்க்கப்போகிறவர்களில் பலர் மெட்ரோவில் நின்றபடி ஒரு கையால் போனைத் தள்ளுபவர்கள். வியூபோர்ட் என்ற ஒற்றை வரியைப் பக்கத்தின் தலையில் எழுத மறந்தால், போன் அதைச் சுமார் 980 பிக்சல் அகலக் கணினிப் பக்கமாகக் கருதிச் சுருக்கிவிடும், எழுத்து எறும்பளவாகும். ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்ற நாலெழுத்துக்கு அளவெடுத்த பொத்தானில் ‘தொடர்புகொள்ள’ அடங்காது. அதனால் பொத்தானுக்கு அகலத்தைப் பூட்டாமல், சொல்லுக்கேற்ப விரிய விடுவதே சரி. ‘கூ’, ‘ஸ்ரீ’ போன்றவை மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளியும் ஆங்கிலத்தைவிடச் சற்றுத் தாராளமாக வேண்டும்.

தலைப்பைப் படமாக்கி ஒட்டுவது இன்றும் நடக்கிறது. அழகாகத்தான் இருக்கும், கூகுள் தேடலுக்கோ, பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கோ அது பெரும்பாலும் வெறும் படம்.

உலாவிகள் எத்தனையோ இருந்தாலும் உள்ளே ஓடும் முக்கிய இயந்திரங்கள் மூன்றுதான்: குரோமின் பிளிங்க், சஃபாரியின் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ. இந்தியாவில் விற்கும் ஐபோனில் குரோமைத் திறந்தாலும் உள்ளே இருப்பது வெப்கிட்தான். ஆகவே ஐபோனில் இரண்டு உலாவிகளில் சோதித்துவிட்டுத் திருப்திப்படுவதில் பொருளில்லை. ஓர் ஆண்ட்ராய்டு, ஓர் ஐபோன், கணினியில் ஒரு ஃபயர்ஃபாக்ஸ் என்று பார்ப்பது மேல்.

அகலத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. 2018இல் வெளியான, வலைத்தளங்களுக்கான அணுகல் நெறிமுறையின்படி, 320 பிக்சல் அகலத்திலும் வாசகர் பக்கவாட்டில் தள்ளாமல் படிக்க முடிய வேண்டும். தள முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சிடக் கொடுக்கும் முன், வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.