காலம் கடந்த இயங்குதளம்

கணினியின் வன்பொருளையும் அதனைப் பயன்படுத்துவோரையும் இணைக்கும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் ஆகும். இரும்பைப் போல மென்பொருள் துருப்பிடிப்பதில்லை. ஆயினும் அதற்கும் முதுமை உண்டு. உருவாக்கிய நிறுவனம் அதனைப் பேணுவதை நிறுத்தும்போது அம்முதுமை வெளிப்படுகிறது.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் எக்ஸ்பி இதற்குத் தக்க சான்றாகும். 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்த இவ்வியங்குதளத்திற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுற்றது. அன்று எக்ஸ்பி கணினிகள் நின்றுவிடவில்லை. அவற்றுக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களே நின்றன.

ஆதரவு முடிந்த பின்னரும் சில ஆய்வகக் கருவிகளும் தொழிற்சாலை இயந்திரங்களும் எக்ஸ்பியில் மட்டுமே இயங்கும் மென்பொருள்களைச் சார்ந்திருந்தன. அத்தகைய கணினியின் வன்தட்டு பழுதானால் பழைய இயங்குதளத்தையே மீண்டும் நிறுவ வேண்டியிருக்கும். எக்ஸ்பியின் குறுவட்டுக்குப் பிற்கால வன்தட்டுகள் பலவற்றை அடையாளம் காணத் தெரியாது. எனவே, அவற்றுக்குரிய இயக்கி மென்பொருளைத் தனியே சேர்க்க வேண்டும்.

நிறுவிய பின் செய்ய வேண்டியது செயலுறுத்தம். கடைகளில் விற்கப்பட்ட பதிப்புகளை முப்பது நாள்களுக்குள் செயலுறுத்தாவிடில் கணினியில் வழக்கம்போல் நுழைய இயலாது. எழுத்தும் எண்ணும் கலந்த 25 குறிகள் கொண்ட உரிமக் குறியீடும் வன்பொருள் உறுப்புகளிலிருந்து கணிக்கப்படும் எண்ணும் சேர்ந்து நிறுவல் எண் உருவாகும். இணையம் அல்லது தொலைபேசி வழியாக அதனைப் பெற்ற நிறுவனம் உறுதி எண்ணைத் திருப்பி அளித்து வந்தது. ஓர் உரிமத்தைப் பல கணினிகளில் பயன்படுத்துவதைத் தடுப்பதே இதன் நோக்கம். இதனால், குறுவட்டு உரியவர் கையில் இருந்தாலும், அதனைப் பயன்படுத்தத் தொலைவிலிருந்து வரும் விடை தேவைப்பட்டது.

ஆதரவு முடிந்த பின்னும் எக்ஸ்பியைச் செயலுறுத்தலாம் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. ஆனால், செயலுறுத்தம் உரிமத்தை மட்டுமே உறுதிசெய்யும். கணினிக்குப் பாதுகாப்பு அளிக்காது. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல் பல நாடுகளின் கணினிகளைத் தாக்கிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில் பணிகள் தடைப்பட்டன. அப்போது மைக்ரோசாப்ட் எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அது விதிவிலக்கே, அத்தகைய உதவி எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருத்தல் தகாது.

ஆகவே, பழைய இயங்குதளம் இன்றியமையாத இடங்களில் அக்கணினியை இணையத்திலிருந்து விலக்கி வைத்தலும் தரவுகளின் படியை வேறிடத்தில் பேணுதலும் வேண்டும். ஏனைய பணிகளுக்குப் புதிய இயங்குதளத்திற்கு மாறுவதே நன்று. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்களுக்குச் செயலுறுத்தம் தேவையில்லை. அவற்றின் பதிப்புகளுக்கும் முதுமை உண்டு. எனினும் மூலநிரல் திறந்திருப்பதால், ஒருவர் பேணுவதை நிறுத்தினாலும் மற்றொருவர் தொடரலாம். ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அது இன்று என்ன செய்யும் என்பதோடு, நாளை அதனை யார் பேணுவர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.