அடியாத மாடும் அடங்காத நாயும்

"நாயோடு ஓடுவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். லிட்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அவர், பின்வளவில் நான் வரிசையாக நட்டிருந்த பன்னிரண்டு பிளாஸ்ரிக் தடிகளைக் கண்டு, பாகற்கொடிக்குப் பந்தல் போடுகிறேன் என்றே முதலில் நினைத்தார். அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லும் முகமாகவே இதனை எழுதுகிறேன்.

அந்தத் தடிகள் 'அஜிலிற்றி' எனப்படும் நாய்களுக்கான தடைதாண்டற் போட்டியின் பயிற்சிக்கானவை. 1978 இல் லண்டனில் நடந்த கிறஃப்ற்ஸ் நாய்க் கண்காட்சியின் இடைவேளையில் பார்வையாளரைக் களிப்பூட்ட ஏதேனும் வேண்டுமென அதன் குழுவைச் சேர்ந்த ஜோன் வார்லி விரும்பினார். பீற்றர் மீன்வெல் என்ற பயிற்றுநர் குதிரைகளின் தடைதாண்டலைப் பின்பற்றி இதனை வகுத்துக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில் பிரித்தானியக் கெனல் கிளப் அதனை அங்கீகரித்தது. இன்று அவுஸ்திரேலியாவின் பெருநகரங்கள் எங்கும் இப்போட்டிகள் நடைபெறுகின்றன.

விளையாட்டின் அமைப்பு இதுதான். தாண்டுவதற்குத் தடிகள், நுழைவதற்குச் சுரங்கக் குழாய், ஏறி இறங்கக் கூரை வடிவச் சரிவு, நடக்க ஒடுங்கிய பாலம், ஏறுபலகை, வளைந்து வளைந்து ஊடுருவ நட்ட தடிகள். சரிவிலும் பாலத்திலும் வேறு நிறம் பூசிய அடிப்பகுதியில் கால் வைத்தே நாய் இறங்க வேண்டும்; மேலிருந்து குதித்தால் பிழை. தடைகளின் ஒழுங்கு போட்டிக்குப் போட்டி மாறும். ஓடுமுன் நாயின்றி நாம் மட்டும் களத்தை நடந்து பார்த்து மனப்பாடம் செய்யலாம். நாய்க்கு எதுவும் தெரியாது. களத்தில் பிடித்து இழுக்கும் வார் இல்லை, தீனி இல்லை, தொடவும் கூடாது. குரலும் உடம்பும் மாத்திரமே எமது கருவிகள்.

எமது நாயின் பெயர் சூட்டி. பாதி கெல்பி, மீதி என்னவென்று எவருக்கும் தெரியாது. கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகம் ஒன்றிலிருந்து எடுத்து வந்தோம். வம்சப் பத்திரம் இல்லாத நாய்களுக்கென்று இந்நாட்டுக் கெனல் அமைப்பு 'துணைப் பதிவேடு' ஒன்றை வைத்திருக்கிறது. கருத்தடை செய்யப்பட்டிருந்தால் அதிற் பதிந்து போட்டியிடலாம். பத்திரமில்லாமல் வந்தவர்களுக்குத் தனிப் பதிவேடு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்பது வாசகருக்கு விளங்கும்.

கெல்பிகள் செம்மறி மேய்க்கவென்று வளர்க்கப்பட்ட இனம். அசைவதைக் கண்டால் துரத்துவது அவற்றின் இரத்தத்தில் உள்ளது. வயட் பார்க்கில் பந்தைக் கண்டால் சூட்டியின் உடம்பு முழுவதும் நடுங்கும். முதற் போட்டியில் அது மூன்று தடிகளைத் தாண்டியது, நான்காவதை விட்டது, என்னைச் சுற்றிக் குரைத்தது, இறுதியில் எனது சட்டைக் கையைக் கவ்விக் கிழித்தது. நடுவர் எங்களை வெளியேற்றினார். நானோ களத்தின் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது என் மகன் சொன்னான்: "அப்பா, எனக்குக் கணக்குச் சொல்லித்தரேக்கையும் நீங்கள் இப்பிடித்தான் கத்துறனீங்கள்."

'அடியாத மாடு படியாது' என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். வகுப்பில் பிரம்பும் வீட்டில் பூவரசங் கம்பும் எமக்குப் புதியவையல்ல. ஆகவே சூட்டியின் துள்ளலை அடங்காமை என்றே எண்ணினேன். அது தவறு என்பதைப் பின்னர் வாசித்தும் பழகியும் அறிந்தேன்.

1908 இல் யேர்க்ஸ், டொட்சன் என்ற இரு அமெரிக்கர் எலிகளை வைத்துச் செய்த பரிசோதனை உளவியல் மாணவர்கள் அறிந்தது. தூண்டல் கூடக்கூட இலகுவான பாடத்தை எலி விரைவாகக் கற்றது. கடினமான பாடத்திலோ தூண்டல் ஓரளவைத் தாண்டியதும் கற்றல் குன்றியது. 2015 இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனை நாய்களில் பார்த்தனர். ஒளிபுகும் தடுப்பின் பின்னால் ஒருவர் தீனியுடன் நிற்பார். நாய் நேரே பாயாமல் சுற்றிவர வேண்டும். உற்சாகக் குரலில் உரக்க அழைத்தபோது இயல்பிலே அமைதியான நாய்கள் முன்னரிலும் நன்றாகச் செய்தன. இயல்பிலே துடிப்பானவை மேலும் மோசமாயின. அதாவது சூட்டி போன்ற ஒன்றை நோக்கிக் கத்துவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதே.

இன்னொன்றும் உண்டு. நாய் எமது வாயைக் காட்டிலும் உடம்பையே கவனிக்கிறது. ஒரு தடையைத் தாண்டக் கால் எடுக்கு முன்னரே அடுத்த திசையை எமது தோளும் பாதமும் சொல்லிவிட வேண்டும். நான் எப்போதும் பிந்தினேன். எங்கே போவதென்று தெரியாத நாய் சுழன்றது, குரைத்தது, கவ்வியது. நான் கீழ்ப்படியாமை என்று கண்டது உண்மையில் ஒரு கேள்வி.

இதன்பின் முறையை மாற்றினோம். வாய்க்கு வாய் 'நில்' என்று கத்துவதை விட்டேன். தொடக்கக் கோட்டில் 'ஓடு' என்னும்வரை இருந்தால் ஓட்டமே பரிசு. முந்தி எழும்பினால் கோபமின்றித் திரும்பக் கொண்டுபோய் இருத்துவேன். இழுத்து விளையாடிய மறுகணம் பாயிற் படுக்கவும் பழக்கினேன். துள்ளவும் அடங்கவும் மாறிமாறிக் கற்றது. போட்டிக்களத்துக்கு வெளியே, தீனியை வாங்கித் தின்னும் தூரத்தில் நின்று, கிழமைக்குக் கிழமை கிட்டப் போனோம். தின்ன மறுத்தால் அந்த இடம் அதற்கு அதிகம் என்பது பொருள், பின்வாங்குவோம்.

அடியின்றிப் பழக்க முடியுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. கரன் பிரையர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1960களில் ஹவாயில் டொல்பின்களைப் பழக்கியவர். நீரில் நீந்திப் போய்விடும் விலங்கைக் கட்டவும் முடியாது, அடிக்கவும் முடியாது. விசிலும் மீனுமே வழி. இன்று நாய்ப் பயிற்சியில் பரவியுள்ள முறைக்கு அவரது அனுபவமும் 1984 இல் வெளிவந்த அவரது நூலும் பெருந்தூண்டுதலாயின. மாட்டை அடித்தோம், ஏனெனில் அது கட்டில் நின்றது.

பிள்ளையும் நாயும் ஒன்றா என்று கேட்பீர்கள். அல்ல. பிள்ளைக்குக் காரணம் சொல்லலாம். அப்படியிருக்க, காரணம் சொல்ல முடியாத நாயுடனேயே கத்தாமல் பழக முடிகிறதென்றால், பிள்ளையுடன் ஏன் கத்தினேன் என்பதே என்னை உறுத்துகிறது. ஊரில் இரவில் நாய் குரைத்தால் விளக்கை நூர்த்துவிட்டு மூச்சடக்கி இருந்தவர்கள் நாம். அந்தப் பதற்றம் எமது தொண்டையில் இன்னும் இருக்கிறது. அதைச் சூட்டி கேட்டது, மகனும் கேட்டிருக்கிறான்.

நாலடியார் பாடியவர் எறிந்த வேல் உடம்பில் இருக்கவும் வாலைக் குழைக்கும் நாயைப் போற்றினார். அந்த நன்றியை நானும் மதிக்கிறேன். ஆனால் வேலை எறிந்தவனைப் பற்றியும் நாம் சிறிது பேசலாம் அல்லவா?

பதினொரு போட்டிகளின் பின், சென்ற மாரியில், சூட்டி பிழையின்றி ஒரு தடவை ஓடி முடித்தது. அடுத்த ஓட்டத்திலேயே சரிவின் உச்சியிலிருந்து குதித்தது. எனது தோள் பிந்திவிட்டது. அன்று நான் கத்தவில்லை. மகன் கணக்குக் கொப்பியை இப்போது தானாகவே மேசைக்குக் கொண்டு வருகிறான். நண்பருக்கு என்னால் சொல்லக்கூடிய விடை இவ்வளவே. மறுப்பு உடையோர் எழுதுவார்களென எதிர்பார்க்கிறேன்.