ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்!

உலகத்திலேயே மெதுவாக நகரும் சமாசாரம் எது என்று கேட்டால், உங்கள் ஆபீஸில் லோன் ஃபைல் என்பீர்கள். சென்னைவாசியாக இருந்தால் மழை நாளில் வேளச்சேரி டிராஃபிக் என்பீர்கள். இரண்டும் தப்பு. அறுந்த நரம்பு ஒன்று மறுபடி வளர்ந்து தன் தசையைத் தேடிப் போகிறதே, அதன் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். மாதத்துக்கு மூன்று சென்டிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை லீவு எடுப்பதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இந்தக் கணக்கை எனக்கு பி.காமில் யாரும் சொல்லித் தரவில்லை. என் மகள் சொல்லித் தந்தாள். அப்போது அவளுக்கு வயது ஐந்து மாதம்.

பிறக்கும்போது நாலு கிலோவுக்கு மேல் எடை. தலை வெளியே வந்துவிட்டது, தோள் சிக்கிக்கொண்டது. அந்த நேரத்தில் பிரசவ அறையில் இருப்பவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் வெளியே எடுக்காவிட்டால் குழந்தைக்கு மூச்சு முட்டும். எடுக்கிறபோது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இழுவை விழுந்தால் நரம்பு நைந்துவிடும், சில சமயம் அறுந்தே போகும். என் மகளுக்கு வலது கை தொங்கிவிட்டது. விரல்கள் ஆடின. தோள் தூக்கவில்லை, முழங்கை மடங்கவில்லை. கை உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கை பின்னால் பார்த்தபடி கிடந்தது. டிப்ஸை நாசூக்காகப் பின்பக்கமாக வாங்கிக்கொள்கிற ஓட்டல் சர்வர் மாதிரி! டாக்டர்கள் இந்த நிலைக்கு வைத்திருக்கும் பெயரே அதுதான், 'வெயிட்டர்ஸ் டிப்'.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பி, ஜடை மாதிரி பின்னிப் பிரிந்து கைக்குப் போகின்றன. 'பிரேக்கியல் ப்ளெக்ஸஸ்' என்று பெயர். அதில் மேல் இரண்டு வேர்கள் அடிபட்டால் 'எர்ப்ஸ் பால்ஸி'. 1874ல் இதைப் பற்றி எழுதிய ஜெர்மன் டாக்டர் எர்ப் பெயரால் வந்தது. ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இப்படி ஆகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடுகிறது. மூன்று மாதத்தில் முழங்கை மடங்கத் தொடங்கினால் நல்ல சகுனம். தொடங்காவிட்டால் இதில் பழகிய நிபுணரிடம் ஓட வேண்டும்.

இதெல்லாம் டாக்டர் சொன்னது. வீட்டில் சொன்னது வேறு.

"உரம் விழுந்திருக்கும்டா. சேலையில போட்டு நாலு உருட்டு உருட்டினா சரியாப் போயிடும்" என்றாள் என் அம்மா. ஒரு பெரியம்மா, உருவி விடுகிற கிழவி ஒருத்தியை ஆட்டோவில் ஏற்றியே கொண்டு வந்துவிட்டாள். அந்தக் கிழவிக்குக் காபி கொடுத்து, அதே ஆட்டோவில் மரியாதையாகத் திருப்பி அனுப்பினோம். நைந்த நரம்பை இழுத்து உருவினால் இருப்பதும் போகும்.

நம்ம ஊரில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் கடைசிச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் 1859ல் பிறந்தபோது இடது கைக்கு இதே கதிதான். அரண்மனை வைத்தியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அப்போதுதான் அறுத்த முயலுக்குள் குழந்தையின் கையை வைத்துக் கட்டினார்கள். முயலின் சூடும் துடிப்பும் கைக்கு வரும் என்று நம்பிக்கை! கை வரவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தக் கையில் கையுறையைப் பிடித்துக்கொண்டோ, வாளின் பிடியில் வைத்துக்கொண்டோதான் போட்டோவுக்கு நின்றார் மனிதர். பெர்லின் அரண்மனையை விட எங்கள் பெரியம்மா எவ்வளவோ தேவலை.

வைத்தியத்தைச் சமாளித்துவிடலாம். பேச்சைத்தான் சமாளிப்பது கஷ்டம்.

"நெய்யும் மாம்பழமுமாத் தின்னா புள்ள பெருக்காம என்ன செய்யும்?" என்று ஒரு உறவு. "பொம்பளப் புள்ள... அதுவும் சோத்துக் கை..." என்று பாதியில் நிறுத்தி உச்சுக்கொட்டிய இன்னொரு உறவு. என் மனைவி பதில் பேசவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "ஆடிட் அப்ஜெக்‌ஷன் ஏதாவது இருந்தா இனிமே என்கிட்ட எழுத்துமூலமா கொடுங்க. அவகிட்ட கேக்கக் கூடாது" என்றேன். சிரித்தார்கள். ஆனால் அப்புறம் யாரும் கேட்கவில்லை. இந்த மாதிரி வீட்டில் புருஷனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், முதல் வேலை இதுதான். வாசலில் வாட்ச்மேன்.

மூன்று மாதம் முடிந்தது. முழங்கை மடங்கவில்லை. கோவையில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அந்த காரிடார் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் நான் எழுத வந்தது.

நீளமான பெஞ்ச். அதில் எங்களைப் போலவே மடியில் ஒரு தொங்கும் கையோடு ஏழெட்டு ஜோடிகள். அதுவரை உலகத்திலேயே எங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தோம். பக்கத்தில் தேனிப் பக்கத்து அம்மா ஒருவர். மகனுக்கு ஆபரேஷன் ஆகி மூன்று வருஷம், செக்கப்புக்கு வந்திருக்கிறார். என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த மகனைப் பிடித்து இழுத்து, டிராயரை மேலே தூக்கி, கெண்டைக்காலில் இருந்த தழும்பைக் காட்டினார்.

"இந்தா பாரு தாயி, இங்கன இருந்துதான் நரம்பெடுத்துக் கழுத்துல வச்சாக. காலு போயிருச்சா? ஓடுறான்ல?"

பையன் அதை நிரூபிக்கிற மாதிரி காரிடாரின் அந்தக் கோடி வரை ஓடி, செக்யூரிட்டியிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

டாக்டர் உள்ளே அதையேதான் படம் போட்டுச் சொன்னார். கெட்டுப்போன நரம்புத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, கெண்டைக்காலில் தோலுக்கு அடியில் ஓடும் ஒரு நரம்பை எடுத்து அந்த இடைவெளியில் பாலம் போடுவார்கள். மைக்ராஸ்கோப் வைத்து, தலைமுடியை விட மெல்லிய நூலால் தையல். காலில் நஷ்டம், பாதத்தின் வெளி ஓரத்தில் கொஞ்சம் மரத்துப்போவது மட்டும்தான். நடைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அவர் சொன்னபோது விளங்காத விஷயம், டிராயரைத் தூக்கிக் காட்டியபோது என் மனைவிக்கு விளங்கிவிட்டது.

கிளம்பும்போது அந்த அம்மா எங்களைக் கூப்பிட்டு ஒரு விதி சொன்னார். "ஒரே நாள்ல ரெண்டு பேரும் அழுகாதீக. முறை போட்டுக்கிடுங்க. ஒராளு அழுதா ஒராளு சோறாக்கணும். நாங்க அப்படித்தான் ஓட்டுனோம்."

வீட்டுக்கு வந்து காலண்டரில் குறித்தோம். திங்கள், புதன், வெள்ளி அவள். செவ்வாய், வியாழன், சனி நான். ஞாயிறு விடுமுறை. முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அதன் அருமை புரிந்தது. புதன்கிழமை எனக்கு நெஞ்சை அடைத்தால், "இன்னிக்கு உங்க டர்ன் இல்லையே" என்பாள். சிரிப்பு வந்துவிடும். ஒரு நாள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றாள், கொடுத்தேன். 'காம்ப் ஆஃப்' பாக்கி என்று எழுதி வைத்தேன். ஆபீஸில் எத்தனையோ டியூட்டி சார்ட் பார்த்திருக்கிறேன், இவ்வளவு உபயோகமான ஒன்றைப் பார்த்ததில்லை.

பணம்? பி.எஃப். முன்பணம், சொசைட்டி லோன், அவள் தாலிக்கொடி தவிர மற்றவை. பற்று வரவு எழுதத் தெரிந்தவனுக்கு அது பெரிய கதையில்லை. கடன் என்றைக்காவது அடையும். இது அப்படியில்லை. நரம்பு இல்லாமல் நாள் கடந்தால் தசை சுருங்கிவிடும், அப்புறம் நரம்பு வந்தும் பிரயோஜனமில்லை. அதனால்தான் அவசரம்.

ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை காலை. நாலு மணி நேரம் முன்னாலேயே தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஐந்து மாதக் குழந்தைக்குப் பசியின் காரணத்தை விளக்கிப் பாருங்கள்! அம்மா பக்கத்தில் இருந்தால் பால் வாசனைக்கு இன்னும் அழும் என்றார் நர்ஸ். எனவே நான் தூக்கிக்கொண்டு காரிடாரில் நடந்தேன். மனைவி கோடியில் இருந்த படிக்கட்டில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட் நனைந்திருந்தது. குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டு கதவு மூடியதும் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"என்னங்க, இன்னிக்கு செவ்வாய். உங்க நாள்தான். அழுங்க, நான் இருக்கேன்."

அழுதேன். அவள் கான்டீனுக்குப் போய் எனக்கு இட்லி வாங்கி வந்தாள்.

ஏழு மணி நேரம். பக்கத்தில் திருப்பூரிலிருந்து வந்த பனியன் கம்பெனி சூப்பர்வைசர், அவர் பையனுக்கு மறுநாள் ஆபரேஷன். "ஏனுங்க சார், சும்மா கடிகாரத்தையே பார்த்தா முள்ளு நகராதுங்க. வாங்க, டீ குடிக்கலாம்" என்று மூன்று முறை கூட்டிப் போனார். மூன்று முறையும் அவரே காசு கொடுத்தார். மறுநாள் அதே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தபோது டீக்கடைக்கு நான் கூட்டிப் போனேன். கணக்கு நேர்.

அப்புறம் மூன்று வாரம், கை நெஞ்சோடு சேர்த்துக் கட்டு. கட்டு பிரித்தபின் பயிற்சி. ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் தோள் மூட்டு இறுகிவிடும். காலை ஷிப்ட் நான், பகல் அவள், ராத்திரி யார் முழித்திருக்கிறார்களோ அவர்.

கழுத்திலிருந்து புஜத்து தசைக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வைத்தால், நூறு மில்லிமீட்டர், நூறு நாள். நூறு நாள் ஆயிற்று. ஒன்றும் அசையவில்லை. தையல் போட்ட இடங்களை நரம்பு தாண்டுவதற்கும், தசையைத் தட்டி எழுப்புவதற்கும் கூடுதல் நேரம் ஆகும் என்றார் டாக்டர். கணக்கில் அதை நான் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் ராத்திரி பத்து மணிக்குத் தேனிக்கு போன் போடுவோம். "எங்களுக்கு ஏழு மாசம் தாயி" என்ற ஒரே வரியை அந்த அம்மா சலிக்காமல் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அந்த வரியை டாக்டரிடமும் வாங்கலாம். ஆனால் ஏழு மாதம் காத்திருந்தவர் குரலில் கேட்பது வேறு.

கனடாவில் டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனையில் 'குக்கி டெஸ்ட்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். குழந்தையின் மேல்கையை உடம்போடு பிடித்துக்கொண்டு கையில் பிஸ்கட்டைக் கொடுப்பது. கழுத்தை ரொம்பக் குனியாமல் அது வாய்க்குப் போகிறதா என்று பார்ப்பது. எங்கள் வீட்டில் மேரி பிஸ்கட். என் மகளுக்கு விரல் பிடிக்கும், முழங்கை மடங்காது. அதனால் பிஸ்கட் இருக்கும் இடத்துக்கு வாயைக் கொண்டுபோவாள். தினமும் அதைப் பார்ப்பதற்குக் காலண்டரில் இருந்த ஆறு நாளும் போதவில்லை.

ஆபரேஷன் ஆன ஆறாவது மாதம், ஒரு சாயங்காலம் பிஸ்கட் கொஞ்சம் மேலே வந்தது. முழுசாக வரவில்லை, பாதி வழி. தலை பாதி வழி குனிந்தது. நடுவில் சந்தித்துக்கொண்டார்கள்.

தேனிக்கு போன் போட்டோம். "மடக்கிருச்சா? இன்னைக்கு யாரு முறை?" என்றார் அந்த அம்மா. இருவரும்தான் அழுகிறோம் என்றேன். "சரி, இன்னைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பேரும் அழுதுக்கிடுங்க" என்று பர்மிஷன் கொடுத்தார்.

இப்போது மகள் இரண்டாம் வகுப்பு. வலது கையால் சாப்பிடுகிறாள். எழுதுவது இடது கையில். வலது கை காதுக்கு மேலே உயராது, ஜடை பின்னிக்கொள்ள அம்மா வேண்டும். முழுக்க சரியாகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு என் பதில், எல்லா ட்ரையல் பேலன்ஸும் டாலி ஆகாது. வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போகிறோம்.

உங்கள் ஆபீஸில் பக்கத்து சீட்காரருக்கு இந்த மாதிரி ஒரு கஷ்டம் வரலாம். வந்தால், "எல்லாம் சரியாயிடும் சார்" என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்? அவருடைய ஒரு சனிக்கிழமை வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். இதே வழியில் முன்னாலே போன யாரையாவது தெரிந்தால் அவர் போன் நம்பரைக் கொடுங்கள். மனைவியைக் குற்றம் சொல்லும் உறவுக்காரர் இருந்தால், ஆடிட் அப்ஜெக்‌ஷன் வசனத்தை அவர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். காப்பிரைட் கிடையாது.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு எனக்கு ஒரு போன். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, குழந்தைக்கு ஆபரேஷன் ஆகி நாலு மாதம். "சார், இன்னும் அசையவே இல்ல சார்..."

"எங்களுக்கு ஆறு மாசம், தம்பி" என்றேன். "அது இருக்கட்டும், இன்னிக்கு உங்க வீட்ல யாரு முறை?"