மேடை ஏறாத வரங்கள்

எங்கள் ஊர்க் கோயிலில் அப்போது பெஞ்சு கிடையாது. பாய் விரித்து உட்காருவோம். செருப்பை வாசற்படியில் கழற்றிவிட்டு உள்ளே போவோம். இரண்டாம் மணி அடித்து முடித்த கோயில்குட்டியார், ஆராதனை தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்பார். கலைந்து கிடக்கும் செருப்புகளை ஒழுங்குபடுத்துகிறார் என்றுதான் சிறுவயதில் நினைத்தேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். எந்த வீட்டுச் செருப்பு வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆராதனை முடிந்து கதவைப் பூட்டியதும் நேரே அந்த வீட்டுக்குப் போவார். காய்ச்சலா, கடன் தொல்லையா, அண்ணன் தம்பிக்குள் வரப்புச் சண்டையா, எதுவானாலும் திங்கட்கிழமை காலைக்குள் சபைப் போதகரான ஐயர் காதுக்குப் போய்விடும். வேறொருவர் காதுக்குப் போகாது.

அதை வரம் என்று சபையில் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. ஐம்பது வயதைத் தாண்டி, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தை அவசரமில்லாமல் படிக்க உட்கார்ந்தபோதுதான் அவர் முகம் நினைவுக்கு வந்தது.

“எனக்கு என்ன வரம்ணே?” வாலிபர் முகாம்களுக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். கேட்கிற பிள்ளைகளின் முகத்தில் ஆவலைவிடக் கவலைதான் அதிகம். பக்கத்தில் முழங்காலிட்டவன் அந்நிய பாஷையில் பேசுகிறான்; இன்னொருத்தி மைக்கைப் பிடித்தால் கூட்டமே அழுகிறது; தனக்கு மட்டும் ஒன்றும் கொடுக்கப்படவில்லையோ என்ற பயம். சிலர் இதற்காக உபவாசம் இருக்கிறார்கள். சிலர் கேள்வித்தாள் நிரப்புகிறார்கள். 1970களில் அமெரிக்கச் சபைகளில் பரவிய வழக்கம் அது. ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் உங்கள் வரம் இன்னது என்று வந்துவிடும். அதைப் பயனற்றது என்று தள்ள மாட்டேன். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை ஒன்று தன்னைப் பற்றி வாய் திறக்க அது உதவியதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தத் தாள் ஒருவரைத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறது. பவுல் பார்க்கச் சொன்ன திசை வேறு.

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வரம் என்றதும் தமிழ்க் காது தவத்தை நினைக்கிறது. ஒற்றைக் காலில் நின்று, ஊண் உறக்கம் துறந்து, கடைசியில் கேட்டு வாங்குவது வரம். வாங்கியவன் அதற்குச் சொந்தக்காரன். பிறரைவிட ஒரு படி மேலானவன். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் காரிஸ்மா. கிருபையைக் குறிக்கும் காரிஸ் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. சம்பாதிக்காமல் வந்தது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வரங்களை நாடுங்கள் என்று பவுல் சொல்லத்தான் செய்கிறார். எதற்காக என்பதையும் கூடவே சொல்கிறார்: சபையின் பக்திவிருத்திக்காக. தவம் இருப்பவனுக்கு இந்த இரண்டாம் பாதி தேவைப்படுவதில்லை.

அந்த நிருபம் கி.பி. 55ஐ ஒட்டி எபேசுவிலிருந்து எழுதப்பட்டது. கொரிந்து இரண்டு துறைமுகங்களைக் கொண்ட பட்டணம். பணமும் பல ஊர்ச் சனமும் கலந்த இடம். சபையிலும் அந்த ஏற்றத்தாழ்வு தெரிந்தது. கர்த்தருடைய பந்திக்கு முந்தி வந்த வசதியானவர்கள் வயிறார உண்டார்கள். ஏழைகள் பசியோடு இருந்தார்கள். 11ஆம் அதிகாரத்தில் பவுல் அதைக் கண்டிக்கிறார். அந்தச் சூடு ஆறுமுன் வரங்களைப் பற்றித் தொடங்குகிறார். பந்தியில் இருந்த முந்திக்கொள்ளும் புத்தி, வரங்களிலும் இருந்தது. அந்நிய பாஷை பேசுகிறவர்கள் மற்றவர்களைச் சிறுமையாகப் பார்த்தார்கள். நாம் கல்யாணங்களில் வாசிக்கும் அன்பின் அதிகாரம், 12க்கும் 14க்கும் நடுவில் இந்தச் சண்டையை நிறுத்தத்தான் எழுதப்பட்டது. அடுத்த அதிகாரத்திலேயே, விளங்காத பாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைவிடப் பிறருக்கு விளங்கும்படி ஐந்து வார்த்தை பேசுவதையே விரும்புவதாகச் சொல்கிறார்.

அற்புதங்களும் குணமாக்குதலும் பாஷைகளும் நிறைந்த பட்டியலில், 12ஆம் அதிகாரத்தின் முடிவில், இரண்டு எளிய சொற்களை அவர் வைக்கிறார். ஒன்று உதவி செய்தல். மற்றொன்றை நம் பழைய மொழிபெயர்ப்பு ‘ஆளுகைகள்’ என்கிறது. கிரேக்கத்தில் அது கப்பலில் சுக்கான் பிடிப்பவன் வேலையிலிருந்து வந்த சொல். துறைமுகத்துக்காரர்களுக்கு அதை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

நமக்கு விளங்க வேண்டுமென்றால் ஓர் அசனப் பண்டிகைக்குப் போக வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கோயில்களில் பிரதிஷ்டைப் பண்டிகையோடு ஊருக்கே சோறு போடுவார்கள். விடியுமுன் அடுப்பு மூட்டி, மலையாகச் சோறு வடித்துக் கொட்டி, பந்தி பந்தியாகப் பரிமாறி, கடைசிப் பந்திக்கும் குழம்பு மிஞ்ச வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் இருப்பார். சத்தம் போட மாட்டார். எந்த அண்டாவில் என்ன இருக்கிறது, எந்தப் பையன் தண்ணீர் சுமந்து களைத்துவிட்டான், எந்தக் கிழவிக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். அவர் ஒரு வருஷம் படுத்துக்கொண்டால் அசனம் அல்லோலகல்லோலப்படும். பவுலின் பட்டியலில் இருப்பவர் அவர். கோயில் கல்வெட்டில் இருப்பது பெரும்பாலும் வேறு பெயர்கள்.

ரோமர், கொரிந்தியர், எபேசியர், பேதுரு என்று நிருபங்களில் வரும் வரங்களின் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. போதித்தல், கொடுத்தல், இரக்கம் செய்தல் என்று ரோமர் 12 போகிறது. எபேசியர் 4 ஆட்களையே வரங்களாகப் பேசுகிறது. எழுதியவர்கள் முழுப்பட்டியல் போட நினைக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. இந்தத் தாராளம் பழைய ஏற்பாட்டிலேயே உண்டு. தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று வேதாகமம் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் காட்டுவது பெசலெயேலை. யாத்திராகமம் 31இல் வரும் அவன் தீர்க்கதரிசி இல்லை. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்கிற, கல் இழைக்கிற, மரம் செதுக்குகிற கைவினைஞன். அதற்கும் முன்னால், 28ஆம் அதிகாரத்தில், பெயர் சொல்லப்படாமல் அப்படிக் குறிப்பிடப்படுகிறவர்கள் ஆரோனுக்கு உடை செய்தவர்கள்.

பெசலெயேலை நினைக்கும்போது எனக்குக் கொல்லிமலை நினைவுக்கு வரும். 1914இல் அங்கே மிஷனரி வீட்டில் பிறந்தவர் பால் பிராண்ட். தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் மலைமக்களிடையே மருந்து கொடுத்தார், கட்டடம் கட்டினார், மரவேலை சொல்லிக்கொடுத்தார். சீழையும் இரத்தத்தையும் சின்ன வயதிலேயே பார்த்து அருவருத்த மகனுக்கு மருத்துவம் என்றாலே ஆகாது. உறவினர் ஒருவர் மருத்துவப் படிப்புக்குப் பணம் தருவதாகச் சொல்லியும் மறுத்துவிட்டு, இங்கிலாந்தில் கட்டட வேலைக்குப் பயிற்சியாளாகச் சேர்ந்தார். தச்சு, கொத்து, கூரை என்று ஐந்தாண்டு கற்றார். இந்தியாவில் மிஷனரியாகக் கட்டடம் கட்டுவதே அவர் கண்ட வழி. அதற்கு முன் ஓராண்டு அடிப்படை மருத்துவப் பயிற்சி எடுக்கச் சென்றவர், மருத்துவமனையில் ஓர் இரவு, இரத்தம் இழந்து மெழுகுபோல் வெளுத்துக் கிடந்த பெண்ணொருத்தி, இரத்தம் ஏற்றப்பட்டதும் கண் திறந்ததைப் பார்த்தார். ஓடி ஒளிந்த வேலைக்கே திரும்பி வந்து மருத்துவம் படித்தார்.

1946இல் வேலூர் மருத்துவமனைக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, மடங்கிப்போன கையுடைய நோயாளி ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலிக்கிற அளவுக்குப் பிடி இறுகியது. விரல்கள் செயலிழந்திருந்தாலும் முன்கையில் நல்ல தசைகள் இருக்கின்றன என்பது அந்தப் பிடியில் தெரிந்தது. அந்தத் தசையின் நாணை விரலுக்கு மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. விரல்கள் அழிவதற்குக் காரணம் பெரும்பாலும் நோய் தின்பதல்ல, வலி தெரியாமல் ஏற்படும் காயங்களே என்பதையும் அவர் குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். பிறகு இன்னொரு சிக்கல் எழுந்தது. கை நேரானவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. நேரான கைக்குப் பிச்சையும் விழவில்லை. வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கி, அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். வீணாய்ப் போனதாகத் தோன்றிய ஐந்தாண்டுகள் அங்கே வந்து சேர்ந்தன. எலும்பையும் நாணையும் பாரம் தாங்கும் கட்டமைப்பாகப் பார்க்கிற கண்ணும் அந்தக் கொத்து வேலையில் வந்ததுதான்.

அவர் மனைவி மார்கரெட்டின் கதையை இன்னும் அதிகமாக விரும்புகிறேன். 1947இல் வேலூர் வந்த அந்த டாக்டரிடம், கண் சிகிச்சைப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதே என்று பதில் அனுப்பினார். கற்றுக்கொள்வீர்கள், வேலையைத் தொடங்குங்கள் என்று பதில் வந்தது. தொழுநோய் கண்ணைக் கெடுக்கும் விதத்தில் உலகமே ஆலோசனை கேட்கும் நிபுணராக ஆனார். எந்தக் கேள்வித்தாளும் அந்த வரத்தை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. கேட்டிருந்தால் அவரே பூஜ்யம் போட்டிருப்பார்.

வரம் தேவை இருக்கும் இடத்தில் தெரியவருகிறது. அதையும் பெரும்பாலும் முதலில் பார்ப்பவர் மற்றவர்தான்.

பர்னபாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தகப்பன் வைத்த பெயர் யோசே, சீப்புரு தீவுக்காரர். ஆறுதலின் மகன் என்று பொருள்படும் பெயரை அப்போஸ்தலர்கள் வைத்தார்கள். அவருடைய வரத்தைப் பெயராகவே சூட்டிவிட்டார்கள். பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது எல்லாரும் பயந்து ஒதுங்க, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனவர் அவர். பிற்பாடு தர்சு வரை தேடிப்போய் அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்தவரும் அவரே. ஊழியப் பயணத்தைப் பாதியில் விட்டுப்போன மாற்குவுக்கு, பவுலோடு முரண்பட்டும், மறுவாய்ப்புக் கொடுத்தார். பர்னபா பெயரில் புதிய ஏற்பாட்டில் ஒரு நிருபம்கூடக் கிடையாது. பவுலும் மாற்குவும் எழுதியவை இருக்கின்றன.

பார்க்கிற கண் சபைக்கு வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சோதித்தறியாத வரம் ஊரைக் கெடுத்துவிடும். மெய்யான வரத்துக்கும் சோதித்தறியாத வரத்துக்கும் நம் மண்ணில் சாட்சி இருக்கிறது. வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கிய ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் காலத்தில், 1860இல், திருநெல்வேலிப் பகுதியில் எழுப்புதல் வந்தது. தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷையும் தமிழ்க் கிராமங்களில் கேட்டன. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெரு எழுப்புதலுக்கு 46 ஆண்டுகள் முன்பு இது. பெந்தெகொஸ்தே அனுபவம் வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்பவர்கள் இதை அறிய வேண்டும். அதே எழுப்புதல் அலை 1870களில் திருவிதாங்கூரில் எழுந்தபோது, தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் ஜோசப்பும் அவரோடு இருந்தவர்களும் 1881இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று தீர்க்கதரிசனமாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு வந்து போயிற்று. நம்பிப் பின்சென்றவர்கள் ஏமாந்தார்கள். தீர்க்கதரிசிகள் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று பவுல் வைத்த ஒழுங்கு அங்கே கைவிடப்பட்டிருந்தது.

இன்றைய நிலை எனக்கு வேதனை தருகிறது. ‘வரம் பெற்ற’ என்ற அடைமொழியோடு ஊழியரின் முகம் சுவர் முழுக்க இருக்கிறது. குணமாகாமல் திரும்பும் தாயிடம் உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். குணமாக்கும் வரத்தை நான் நம்புகிறேன். அதனால்தான் சொல்கிறேன்: ஆவியின் வல்லமைக்கு விலை பேசிய சமாரியா நாட்டுச் சீமோனைப் பேதுரு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை ஊழியர்களும் சபையாரும் சேர்ந்து வாசிக்க வேண்டும்.

எங்கள் கோயில்குட்டியார் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அடக்க ஆராதனைக்கு ஊரே வந்திருந்தது. அவர் நடந்துபோன வீடுகள் எத்தனை என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. உயிரோடு இருந்தபோது அவரிடம் யாரும் சொல்லவில்லை.

உங்கள் சபையிலும் ஒருவர் இருப்பார். ஞாயிறு பள்ளியில் அடங்காத பையனை மடியில் உட்காரவைத்துக்கொள்ளும் அக்கா, ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கு யாரும் சொல்லாமலே கஞ்சி கொண்டுபோகும் பெரியம்மா, காணிக்கைக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதும் ஓய்வுபெற்ற வாத்தியார். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய், இது கர்த்தர் உங்களுக்குக் கொடுத்த வரம் என்று நேராகச் சொல்லுங்கள். கூடவே, அதைக் கற்றுக்கொள்ள உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றை அவரோடு அனுப்புங்கள்.