இளையோர் டென்னிசும் எதிர்பாராத முடிவுகளும்

நாளேடுகளின் விளையாட்டுப் பக்கங்களில் 'அதிர்ச்சித் தோல்வி' என்னும் தலைப்பைக் காணாத வாசகர் இருக்க மாட்டார். பெயர் பெற்ற ஆட்டக்காரர் ஒருவரை, யாரும் கேள்விப்படாத ஒருவர் வீழ்த்திவிட்டால் அத்தலைப்புப் பிறக்கிறது. பெரியவர்கள் ஆடும் டென்னிஸ் போட்டிகளில் இஃது அவ்வப்போது நிகழ்வது. பதினாறு, பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தேசியப் போட்டிகளிலோ, ஒரே நாளில் மூன்று நான்கு முறைகூட நிகழக்கூடியது. காரணம் யாது? இளம்பிள்ளைகள் நிலையற்ற மனத்தினர் என்று சொல்லி விட்டுவிடுவது எளிது. அதில் உண்மை கொஞ்சந்தான் உண்டு.

இதனை ஆராய அமெரிக்க நாட்டின் இளையோர் டென்னிஸ் போட்டி மிகவும் ஏற்றது. 1916ஆம் ஆண்டில் தோன்றிய அப்போட்டி, பல ஊர்களில் நடந்தபின் 1943இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகருக்கு வந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே நிலைத்தது. அதனை அங்கே கொண்டுவந்து வளர்த்தவர் ஆலன் ஸ்டோ என்னும் கல்லூரிப் பேராசிரியர். அவர் கற்பித்த பாடம் இரசாயனம். பதினெட்டு வயதுப் பிரிவில் வாகை சூடும் இளைஞனுக்கு, பெரியவர்கள் ஆடும் அமெரிக்கப் பொதுப் போட்டியில் நேரடியாக இடமளிக்கும் வழக்கம் பிற்காலத்தில் ஏற்பட்டது. ஆகவே அங்கே வரும் தோல்வி ஒரு கிண்ணத்தோடு போவதன்று. ஒரு வாழ்க்கைத் தொழிலின் வாசலே திறப்பதும் மூடுவதுமாக அமையும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். போட்டிக்கு வருவோரில் திறமிக்கவர்கள் தொடக்கத்திலேயே தமக்குள் மோதி வெளியேறிவிடாதபடி, அவர்களைப் பட்டியலில் தள்ளித் தள்ளி அமர்த்துவர். இதனைச் 'சீடு' செய்தல் என்பர். விதைகளை இடைவெளி விட்டு ஊன்றுவது போன்றது என்று கொள்ளலாம். 128 பேர் ஆடும் போட்டியில் 32 பேருக்கு இந்த இடம் கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் முதற் சுற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு வெற்றி வாய்ப்பு உண்டென்று தாராளமாகவே மதிப்பிடுவோம். அப்போதும் சராசரியாக மூவர் முதற் சுற்றிலேயே மூட்டை கட்ட வேண்டும்! முதலிடத்தில் இருப்பவன் பட்டம் பெற ஏழு ஆட்டங்கள் வெல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு இருந்தாலும், ஏழையும் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 48 மட்டுமே. அதாவது முதல்வன் தோற்பதே சற்றுக் கூடுதலாக எதிர்பார்க்க வேண்டியது. நிருபர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இனி ஆட்டத்தின் அமைப்பைக் காண்போம். டென்னிசில் புள்ளிகள் கேம்களாகவும், கேம்கள் செட்டுகளாகவும் திரள்கின்றன. நூறு புள்ளிகளில் 55 எடுக்கக் கூடியவன், நூறு கேம்களில் ஏறத்தாழ 62 வெல்வான். செட்டிலும் ஆட்டத்திலும் அவன் கை மேலும் ஓங்கும். சிறு உயர்வு பெரிய வெற்றியாகத் தோன்றுவது இதனால்தான். இதையே திருப்பிப் பார்க்க வேண்டும். அந்த ஐந்து புள்ளிகள் குறைந்தால் இருவரும் சமம். உறங்காத ஓர் இரவு, தோளில் ஒரு சிறு வலி, ஆகஸ்டு மாத வெயில், இவற்றில் ஒன்று போதும் ஐந்து புள்ளிகளை விழுங்க.

ஆயினும் இவை பெரியவர்களுக்கும் பொருந்துவன. இளையோருக்கே உரிய காரணம் உடல் வளர்ச்சி. விரைந்து வளரும் பருவத்தில் ஒரு பையன் ஓராண்டில் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் உயர்ந்துவிடுவதுண்டு. கை நீள்கிறது, பந்தை மேலே வீசி அடிக்கும் நேரக் கணக்குத் தவறுகிறது, நேற்று வரை கோட்டின் மேல் விழுந்த பந்து இன்று வெளியே போகிறது. சில மாதங்களில் உடல் பழகியதும் அதே பையன் இடி போல் அடிக்கத் தொடங்குகிறான். சீடு வரிசையோ கடந்த மாதங்களின் வெற்றிகளைக் கொண்டு எழுதப்படுவது. ஆகவே அது மார்ச்சு மாதத்துப் பையனுக்குத் தரப்பட்ட மதிப்பெண். ஆகஸ்டில் களத்துக்கு வருபவன் வேறொருவன்.

உடல் வளர்ச்சி முந்தியவன்தான் எப்போதும் வெல்வான் என்பதும் இல்லை. 1987இல் கலமசூவில் பதினெட்டு வயதுப் பிரிவின் இறுதி ஆட்டத்துக்கு வந்த மைக்கேல் சாங்குக்கு வயது பதினைந்து. எதிரே நின்ற ஜிம் கூரியர் பதினேழை எட்டிக்கொண்டிருந்தவர், வலிமை மிக்கவர். சாங் தம் கால்களையும் பொறுமையையும் நம்பி ஆடி வென்றார். அவ்வெற்றி தந்த இடத்தைக் கொண்டு அதே ஆண்டு அமெரிக்கப் பொதுப் போட்டியில் இறங்கி, ஆஸ்திரேலியாவின் பால் மக்னமீயைத் தோற்கடித்து, அப்போட்டியில் ஓர் ஆட்டம் வென்ற ஆடவருள் மிக இளையவர் என்னும் பெயர் பெற்றார். 1989இல் பதினேழு வயதில் பிரெஞ்சுப் பட்டம் அவருடையதாயிற்று. தோற்ற கூரியர் என்ன ஆனார்? 1991இலும் 1992இலும் அதே பிரெஞ்சுப் பட்டத்தை வென்றார்.

வேண்டுமென்றே தோல்வியைத் தழுவிய கதையும் உண்டு. பீட் சாம்பிராஸ் பதினான்கு வயது வரை இரு கைகளாலும் புறங்கை அடி அடித்து வந்தார். அவருடைய வழிகாட்டி பீட் பிஷர் தொழிலால் குழந்தை மருத்துவர். ஒரு கையால் அடிக்கப் பழகு என்று அவர் கூறினார். பையன் பழகினான், முன்பு எளிதில் வென்றவர்களிடமெல்லாம் தோற்றான். அந்நாளில் அவனை வென்ற சிறுவர்களின் வெற்றியை எவரேனும் 'அதிர்ச்சி' என்று எழுதியிருக்கலாம். ஆனால் 1990இல் பத்தொன்பது வயதில் அமெரிக்கப் பட்டம், பின்னர் விம்பிள்டனில் ஏழு பட்டங்கள்! அந்தத் தோல்விகளைக் கண்டு மனம் பதறிய ஒரு தந்தையோ தேர்வுக் குழுவோ பழைய அடிக்கே திருப்பியிருந்தால்? பதினைந்து வயதில் ஓர் ஆட்டம் தோற்றவனைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும் பழக்கம் நம்மவரிடமும் உண்டு. அது விளைநிலத்தை நாற்றிலேயே உழுது போடுவதாகும்.

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது நம் பழமொழி. இப்போட்டியின் பழைய பட்டியலைப் புரட்டினால், முளை தெரிந்தாலும் அஃது எந்தப் பயிர் என்பது தெரிவதில்லை. 1933இல் இறுதி ஆட்டத்தில் டான் பட்ஜ் ஜீன் மேக்கோவை வென்றார். மறு ஆண்டு மேக்கோ வாகையர். 1936இல் தோளில் பட்ட காயம் மேக்கோவின் பலத்த சர்வீஸைப் பறித்தது. அதன் பின் அவர் பெரும்பாலும் இரட்டையர் ஆட்டத்தில், பட்ஜின் துணையாகவே புகழ் பெற்றார். 1938இல் பட்ஜ் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வெல்லும் நிலையில் அமெரிக்க இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது, சீடு வரிசையில் இடமே பெறாத ஒருவர் எதிரே வந்து நின்றார். அவர் மேக்கோ!

1938ஆம் ஆண்டின் இளையோர் வாகையர் டேவிட் பிரீமன். மறு ஆண்டு வென்றவர் டெட் சுரோடர். சுரோடர் 1949இல் விம்பிள்டனை வென்றார். பிரீமனோ டென்னிசை ஒதுக்கிப் பூப்பந்தைக் கையில் எடுத்தார். அதே 1949இல் அகில இங்கிலாந்துப் பூப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பினாங்கின் ஊய் தெய்க் ஹோக்கை வென்று பட்டம் பெற்றார். அவ்வாண்டு தாமஸ் கிண்ணத்தில் மலாயாவிடம் அமெரிக்கா தோற்றபோதும், பிரீமனை மலாயாவினர் வெல்ல முடியவில்லை. வோங் பெங் சூனும் அவரிடம் தோற்றவரே. பிரீமன் பின்னர் நரம்பு அறுவை மருத்துவராகிவிட்டார். வோங் பெங் சூன் 1950, 1951, 1952, 1955ஆம் ஆண்டுகளில் அகில இங்கிலாந்துப் பட்டத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்.