உஷார்! மலை தவணை கொடுக்காது

"போன வருசமும் இப்படித்தான் பேஞ்சது, ஒண்ணும் ஆகலயே!" மழை பிடித்ததும் லயன்களில் கேட்கிற பேச்சு இது. தயவுசெய்து இதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மலைச்சரிவும் சரி, அதன்மேல் நாம் இழுத்து வைத்திருக்கும் வீதியும் மின்கம்பியும் சரி, கொஞ்சங்கொஞ்சமாகப் பழுதாகி நமக்கு அவகாசம் தருவதில்லை. கடைசிவரை தாக்குப்பிடிப்பதுபோல் இருந்துவிட்டு, ஒரு எல்லையைத் தாண்டியதும் மொத்தமாக விழும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் நடந்தது அதுதான். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலை இடிந்து இறங்கியது. நாடு முழுவதும் இறந்தவர்கள் 600 பேருக்கு மேல். மண்ணுக்கடியில் சிக்காமல் தப்பியவர்களில் பலருக்கும் வீதி இல்லை, ரயில் இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லக்கூட வழியில்லாமல் கிடந்தார்கள்.

இப்படி எல்லாம் ஒரேயடியாக அறுந்துபோவதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஹங்கேரியைச் சேர்ந்த பால் ஏர்டிஷும் ஆல்ஃபிரட் ரெனியும் 1960 வாக்கில் போட்டது. சிதறிக் கிடக்கும் புள்ளிகளைக் கண்டபடி கோடு போட்டு இணைத்துக்கொண்டே போனால், வெகுநேரம் சின்னச் சின்னக் கூட்டங்கள்தான் இருக்கும். புள்ளிக்குச் சராசரியாக ஒரு இணைப்பு என்ற அளவைத் தாண்டியதும், திடுமென ஒரு பெருங்கூட்டம் உருவாகிவிடும். கோடுகளை ஒவ்வொன்றாக அறுத்தாலும் அதே கதைதான், தலைகீழாக. பத்து அறுந்தும் ஒன்றும் தெரியாது. இன்னும் ஒன்றிரண்டு அறுந்தால் எல்லாம் துண்டு துண்டு.

நம் தோட்டப் பாதைகள் அந்தப் புள்ளிப் படத்தைவிட மோசம். கொழும்பில் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெருவால் போகலாம். ஹட்டன் பக்கம் என்ன இருக்கிறது? ஏ7 பெருவீதி, அதிலிருந்து தோட்டத்துக்கு ஒரே ரோடு, அங்கிருந்து மேட்டு லயனுக்கும் பணிய லயனுக்கும் ஒவ்வொரு கிளை. சுற்றி வருவதற்கு மாற்றுவழி கிடையாது. எந்த இடத்தில் அறுந்தாலும் அதற்கு மேலே உள்ள டிவிஷன் முழுக்கத் தனித்துப்போகும்.

கரண்டும் போனும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது இன்னொரு ஆபத்து. கரண்ட் போனால் டவர் சில மணி நேரம் பெற்றரியில் ஓடும், பிறகு அடங்கும். போன் இல்லாமல் எங்கே கம்பி அறுந்தது என்று திருத்த வருகிறவர்களுக்குச் சொல்ல முடியாது. 2003 செப்டம்பர் 28இல் இத்தாலி இருளில் மூழ்கியதைப் பின்னாளில் ஆராய்ந்த செர்கே புல்திரெவ், ஷ்லோமோ ஹாவ்லின் குழுவினர் 2010இல் இதைத்தான் காட்டினார்கள்: ஒன்றை ஒன்று நம்பி நிற்கும் இரண்டு வலைகள் தனி வலையைவிடச் சடுதியாகச் சரியும்.

மண்ணுக்கும் எல்லை உண்டு. மண்துகள்களுக்கிடையே தண்ணீர் நிறைய நிறைய, அவை ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி குறையும். வெளியே பச்சைத் தேயிலை அப்படியே நிற்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகள் இவை: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேறு. ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. கொட்டினாலும் வெளியேற வேண்டியதுதான். பழையவர்கள் கணக்கில் 75 என்பது மூன்று அங்குலம், 150 என்பது ஆறு. நேர்ப்பக்கமுள்ள ஒரு டின்னைத் திறந்த வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே தெரிந்துவிடும்.

ஆனால் 150 வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறதல்லவா? அதுபோல மண்ணின் எல்லையும் இடத்துக்கு இடம் மாறும். லயனுக்குப் பின்னால் மண்ணை வெட்டியிருந்தால், கான் அடைத்துக் கிடந்தால், உங்கள் எல்லை இன்னும் கீழே. தரையில் புது வெடிப்பு, கதவு திடீரென இறுகுவது, மரமோ போஸ்ட்டோ சாய்வது, ஊற்றுத் தண்ணீர் கலங்குவது அல்லது சட்டென நிற்பது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழையளவைப் பார்க்காமல் இறங்கிவிடுங்கள்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயன்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். போக வேறு காணியும் வீடும் இல்லாத சனத்தைப் பார்த்து "ஏன் போகவில்லை" என்று கேட்பது அநியாயம். அந்தக் கேள்வி தோட்ட நிர்வாகத்தையும் அரசாங்கத்தையும் பார்த்துக் கேட்கப்பட வேண்டியது. தோட்ட ஆபீசில் எழுதி வைக்கும் மழைக் கணக்கை, பெய்யும் நாட்களில் காலைப் பெரட்டில் சத்தமாகப் படித்தால் என்ன? பைசா செலவில்லை.

இந்த வாரமே செய்யுங்கள். எந்தப் பாதையால் இறங்குவது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்குவது, நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது என்று பேசி முடிவெடுங்கள். மருந்தையும் அடையாள அட்டையையும் ஒரே பையில் போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. டவர் வேலை செய்யும்போதே அழையுங்கள்.