செங்கல்லும் ஒளியும்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திற்கு அப்பெயரைத் தந்தவை அங்கு முன்பு இயங்கிய செங்கல் சூளைகள். 1881இல் தீயும் வெள்ளமும் சிதைத்த கோலாலம்பூர், பின்னர் செங்கல் நகரமாக எழுந்தது. அக்காலத்தின் பெருமைமிகு கட்டடம் டத்தாரான் மெர்டேக்காவின் எதிரே நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். 1894இல் தொடங்கி 1897இல் முடிந்த இக்கட்டடத்திற்கு ஏறத்தாழ 4 மில்லியன் செங்கற்கள் தேவைப்பட்டன. பின்னர் இது நீதிமன்றங்களுக்காகப் புதுப்பிக்கப்பட்டது.

இத்தகைய பழங்கட்டடத்தை இரவில் எப்படிக் காட்டுவது? பல ஆண்டுகளாக இதன் விளிம்புகள் நெடுகச் சிறு விளக்குகள் ஒளிர்ந்தன. தொலைவிலிருந்து பார்க்கத் திருவிழாபோல் அழகுதான். ஆனால், அவை கட்டடத்தின் கோட்டுருவத்தை மட்டுமே காட்டின. செங்கல் இருளில் மறைந்தது.

ஒளியமைப்பாளர் முதலில் எண்ணிப் பார்ப்பது விளக்கு நிற்கும் இடத்தைத்தான். உங்கள் வீட்டுச் சுவரில் இதனைச் சோதித்துப் பாருங்கள். கைவிளக்கைச் சுவருக்கு நேராகத் தொலைவில் பிடித்தால் சுவர் தட்டையாகத் தெரியும். அதையே சுவரை ஒட்டி மேல்நோக்கிப் பிடித்தால் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் பெற்று எழும். செங்கல் வரிசையும் இடையிலுள்ள சாந்தும் தெளிவாகத் தெரிய இந்த முறையே ஏற்றது. வளைவுகளுக்கோ தாழ்வாரத்தின் உள்ளே விளக்கு வைப்பது நல்லது. பின்னாலிருந்து வரும் ஒளியில் வளைவின் வடிவம் தானே புலப்படும்.

அடுத்தது நிறம். ஒளியின் நிறத்தைக் கெல்வின் அளவால் குறிப்பர். 3000 கெல்வினை ஒட்டிய மஞ்சள் கலந்த ஒளியில் செங்கல்லின் சிவப்பு உயிர் பெறும். 5000 கெல்வினைத் தாண்டிய வெள்ளொளியில் அது வெளிறிப்போகும்.

விளக்கைப் பொருத்துவதிலும் கவனம் வேண்டும். செங்கல்லில் துளையிட்டால் அந்தக் காயம் ஆறாது. ஆகவே, தேவைப்படும் இடங்களில் சாந்து இணைப்பில்தான் திருகாணியைப் பொருத்துவர். சாந்தைப் பிறகு மீண்டும் பூசிக்கொள்ளலாம்.

எங்கே ஒளி வேண்டாம் என்பதையும் ஒளியமைப்பாளர் முடிவு செய்கிறார். எல்லா இடமும் ஒளிர்ந்தால் 41 மீட்டர் உயர மணிக்கூண்டு தனித்துத் தெரியாது. இருளின் ஆற்றலை இந்தத் திடல் முன்பே கண்டிருக்கிறது. 1957 ஆகஸ்டு 30 இரவு, நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் இங்கு விளக்குகள் அணைக்கப்பட்டன. கூடியிருந்த மக்கள் இருளில் காத்திருந்தனர். மணி பன்னிரண்டானதும் விளக்குகள் மீண்டும் எரிந்தன. பிரிட்டிஷ் கொடி இறங்க, மலாயாக் கொடி மேலேறியது.